உறுதிசெய்யப்பட்ட பதிப்பின் எல்லையில்: மூடில் வழங்கியைப் பராமரித்த அனுபவம்

கிளிநொச்சியில் கல்வி நிலையம் ஒன்றின் மூடில் (இணையவழியில் பாடங்களும் வினாத்தாள்களும் நடத்தும் மென்பொருள்) வழங்கியை, அதாவது அது ஓடும் சேவைக் கணினியை, 2023 தை மாதம் முதல் பராமரித்து வருகிறேன். விசுவமடு, தருமபுரம், மாங்குளம், மல்லாவிப் பக்கத்து உயர்தர மாணவர்கள் பெரும்பாலும் கைத்தொலைபேசியிலேயே இதைப் பயன்படுத்துகிறார்கள். தொடக்கத்தில் உபுண்டு 22.04 என்ற இயங்குதளம், அதனுடனேயே வரும் பி.எச்.பி 8.1 (மூடில் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழி), மூடில் 4.1 ஆகியவற்றை நிறுவியிருந்தேன். மூடில் 4.1 நீண்டகால ஆதரவுப் பதிப்பு, பி.எச்.பி 7.4 முதல் 8.1 வரைதான் அதற்கு உறுதிசெய்யப்பட்ட எல்லை.

அந்த எல்லையை ஒருமுறை தாண்டினேன். பி.எச்.பி 8.2 வெளிவந்து அரை ஆண்டு கடந்திருந்தது. வவுனியாவில் கணினி படிக்கும் தம்பி ஒருவர் வேகம் கூடும் என்று சொன்னதை நம்பி, உபுண்டுவுக்கு வெளியே உள்ள மென்பொருட் களஞ்சியம் ஒன்றிலிருந்து 8.2 ஐ எடுத்து, 8.1 ஐ அகற்றாமல் அதன் பக்கத்திலேயே நிறுவி, அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினேன். பக்கங்கள் திறந்தன, வினாத்தாள்கள் ஓடின. வேகத்தில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. "அண்ணை, எல்லாம் ஓடுதுதானே, பிறகென்ன பயம்?" என்று அவர் கேட்டபோது என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

முதற் சிக்கல் தவணைப் புள்ளிகளைத் தரவிறக்கியபோது தெரிந்தது. முன்கூட்டி அறிவிக்காத பண்புகளை நிரலின் ஒரு பொருளில் (object) இடையில் சேர்ப்பதை 8.2 கைவிடப்பட்ட வழக்கமாகக் கருதி எச்சரிக்கும். நாங்கள் பயன்படுத்திய பழைய பிளக்கின் (மூடிலோடு சேர்க்கும் துணை நிரல்) ஒன்று அப்படியே எழுதப்பட்டிருந்ததால், புள்ளிப் பட்டியலின் தலையில் எச்சரிக்கை வரிகள் ஏறிக்கொண்டன. பிழைகாட்டும் வசதியை அணைக்காமல் விட்டது என் தவறுதான். அணைத்திருந்தால் அவை பதிவுக் கோப்புக்குள் ஒதுங்கியிருக்கும், நானும் கவனித்திருக்கமாட்டேன்.

இரண்டாவது சிக்கலே என் எண்ணத்தை மாற்றியது. அன்றாடம் ஓடும்போது மூடில் பி.எச்.பி பதிப்பைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. புதுப்பிக்கும் வேளையில்தான் சூழலைச் சோதிக்கிறது. 4.1 வரிசையின் பாதுகாப்புத் திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்த இரவில், அந்தச் சோதனை 8.2 ஐ ஏற்காமல் நின்றுவிட்டது. புதிய கோப்புகள் வந்துவிட்டன, தரவுத்தளம் பழையபடி இருந்தது, தளம் திறக்கவில்லை. அதாவது, புதியதைப் போட்டதால் பாதுகாப்பு கூடும் என்று நினைத்த நான், பாதுகாப்புத் திருத்தம் வரும் வாசலையே அடைத்து வைத்திருந்தேன். மாற்றிய வரியைத் திருப்பி எழுதி 8.1 க்கு மீண்டதும் வேலை முடிந்தது.

இப்படி மீளக்கூடியது பி.எச்.பி மட்டுமே. மூடிலையே அடுத்த பெரும் பதிப்புக்கு ஏற்றினால் தரவுத்தள அட்டவணைகள் மாறிவிடும். பிறகு காப்புநகலிலிருந்து மீட்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே மூடில் 4.5 க்கு ஏறியபோது இரண்டு கால்களையும் ஒருசேரத் தூக்கவில்லை. பி.எச்.பி 8.1 ஐ மூடில் 4.1 உம் ஏற்கும், 4.5 உம் ஏற்கும் என்பதால், பி.எச்.பியைத் தொடாமல் மூடிலை மட்டும் 2025 சித்திரை விடுமுறையில் ஏற்றினேன். கார்த்திகை, மார்கழி மாதங்களில் இந்த வேலையை நான் தொடுவதில்லை. மாரியில் மின்சாரம் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது, தரவுத்தளம் பாதி மாறிய நிலையில் அது நிற்பதை நினைத்துப் பார்க்கவும் விரும்பவில்லை.

பி.எச்.பி 8.1 க்கு மூல உருவாக்குநர்களின் ஆதரவு 2025 மார்கழியோடு முடிந்துவிட்டது என்று சொல்லி, 8.4 க்குப் போகுமாறு இப்போதும் சிலர் கேட்கிறார்கள். பாதுகாப்பு பற்றிய அவர்களின் கவலை நியாயமானது. ஆயினும் உபுண்டு 22.04 இன் பராமரிப்பாளர்கள் தங்கள் 8.1 க்கு 2027 வரை பாதுகாப்புத் திருத்தங்களை, பதிப்பு எண்ணை மாற்றாமல் பழையதிலேயே சேர்த்துத் தருகிறார்கள். பதிப்பு எண் பழையதாகத் தெரிவதால் உள்ளிருப்பதும் பழையதென்று கொள்ளக்கூடாது. மூடில் 4.5 க்கு உறுதிசெய்யப்பட்ட மேல் எல்லை 8.3. உபுண்டு 24.04 உடன் வருவதும் அதே 8.3 என்பதால், அடுத்த மாற்றம் அங்கேதான் போகும். அதற்காகப் பழைய மடிக்கணினி ஒன்றில் 24.04 ஐ நிறுவி, தளத்தின் நகலை ஏற்றி, ஒவ்வொரு பிளக்கினாகச் சோதித்து வருகிறேன். புள்ளிப் பட்டியல் பிளக்கின் இன்னும் தேறவில்லை.