காலோவா, உலுவா: ஒரு ஹீலோ தோட்டத்துக் கணக்கு

ஹவாயின் ஹீலோ நகரில் நாங்கள் குடிவந்த வீட்டின் பின்புறம் ஆறு சென்ட் நிலம் சும்மா கிடந்தது. என்ன வைக்கலாம் என்று பல மாதங்கள் யோசித்ததில் கடைசியில் இரண்டு பெயர்கள் மிஞ்சின: காலோ, உலு. நம் பேச்சில் சேம்பு, சீமைப்பலா. இலங்கைத் தமிழர்களுக்கு ஈரப்பலா. இரண்டுமே பொலினீசியர்கள் ஓடங்களில் ஏற்றிவந்து ஹவாய்த் தீவுகளில் ஊன்றியவை. நான் நட்டது உலு. இந்த ஒப்பீடும் அந்தப் பக்கம்தான் சாயும்.

சத்து, ருசி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் வயிற்றை நிரப்பும், இரண்டும் குழம்புக்கு ஆகும். மரியாதையில் காலோவுக்கே முதலிடம். ஹவாய் மரபுக் கதைப்படி, இறந்து பிறந்த ஒரு குழந்தையைப் புதைத்த இடத்தில் முளைத்த செடி அது. அடுத்துப் பிறந்த தம்பி ஹாலோவாவின் வழி வந்தவர்கள் மனிதர்கள். அண்ணனைத் தம்பி பேண வேண்டும், தம்பிக்கு அண்ணன் சோறு போடுவான்.

அந்தப் பேணுதல்தான் எனக்கு முடிவைச் சொன்னது. நஞ்சைக் காலோ வளரும் வயலுக்கு லோயி என்று பெயர். அதில் தண்ணீர் தேங்கக் கூடாது. குளிர்ச்சியாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 27 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கிழங்கு அழுகத் தொடங்கிவிடும். ஓடையிலிருந்து 'ஔவாய்' என்ற வாய்க்கால் வழியே நீரை எடுத்து, வயல் வயலாக இறக்கி, மறுபடி ஓடைக்கே விடுவார்கள். வாய்க்கால் வெட்ட எத்தனை ஆள் உழைப்புக் கொடுத்தார்களோ அதற்கேற்ற நீர்ப்பங்கு. நம் குடிமராமத்தை அறிந்தவர்களுக்கு இது உடனே புரியும். கரும்புத் தோட்டங்கள் ஓடைகளைத் திருப்பிக்கொண்ட பிறகு பல லோயிகள் காய்ந்தன. பக்கத்துத் தீவான மாவியின் கிழக்கில் பல ஓடைகளுக்கு நீரை முழுமையாகத் திருப்பிவிடும் ஆணை 2018இல்தான் வந்தது. சில சனிக்கிழமைகள் ஒரு லோயியில் முழங்கால் சேற்றில் நின்று களை பறித்திருக்கிறேன். பத்துப் பேர் சேர்ந்தும் பாதி வயல்தான் முடிந்தது. போதாததற்கு நத்தைகள் வேறு. வேலைக்குப் போகும் ஒரே குடும்பம் சுமக்கக்கூடிய பாரமல்ல அது.

புன்செய்க் காலோ உண்டே என்பீர்கள். ஹீலோ மழைக்கு ஓடையே வேண்டாம், உண்மைதான். எட்டுச் செடி வைத்துப் பார்த்தேன். இலைகள் விரிந்து மண்ணை மூடும்வரை களையெடுப்பு ஓயவில்லை. ஏறக்குறைய ஓராண்டில் கிழங்கு. தோண்டியதும் தண்டின் தலைப்பகுதியை மறுபடி ஊன்ற வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் முதலிலிருந்து.

உலுவை ஒருமுறை நட்டால் போதும். சமோவாவின் 'மாஃபாலா' ரகம் வைத்தேன். மற்றவற்றைப் போல வானளாவ வளராது. நான்காம் ஆண்டில் காய்த்தது. காய்ப்பு முடிந்ததும் ஒருமுறை கிளை கழிப்பேன், உதிர்ந்த இலைகளை அடியிலேயே குவித்துவிடுவேன். ஆண்டு முழுவதற்கும் அவ்வளவுதான் வேலை. இதே தீவின் மேற்குப் பகுதியான கோனாவில், அந்தக் காலத்தில், மலைச்சரிவை ஒட்டி ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்துக்கு உலுத்தோப்பு ஓடியது. அதன் நிழலில் வள்ளிக்கிழங்கு முதலிய பயிர்கள் இருந்தன. ஓடை இல்லாத சரிவில் ஊரையே ஊட்டிய ஏற்பாடு அது.

குறையும் உண்டு. காய்கள் ஒரே சமயத்தில் முற்றி, பறித்த இரண்டு மூன்று நாளில் குழைந்துவிடும். மார்க்கேசஸ் தீவினர் குழியில் புளிக்கவைத்து 'மா' என்று ஆண்டுக்கணக்கில் சேமித்தார்கள். நான் அதைச் செய்து பார்த்ததில்லை. அவித்து உறைபெட்டியில் வைக்கிறேன். என் மரத்துக்கு ஆறு வயதுதான் ஆகிறது. இருபது வயதில் வேரும் கிளையும் என்ன தொல்லை தரும் என்று அனுபவத்திலிருந்து சொல்ல என்னால் முடியாது.

உங்கள் நிலத்தின் ஓரம் ஓடை ஓடி, உடன் இறங்கப் பத்துப் பேரும் இருந்தால் காலோவையே வையுங்கள். என் எட்டுச் செடிகளையும் நான் பிடுங்கிவிடவில்லை. உலுவின் அரை நிழலில் இலைக்காக நிற்கின்றன. தொண்டை அரிக்காமலிருக்க அந்த இலையை நன்றாக, நெடுநேரம் வேகவைக்க வேண்டும்.