ஜார்ஜ் டவுன் நாசி கண்டார் கடை: எப்படிக் கேட்டு வாங்குவது

பினாங்கில் சூலியா தெருவை ஒட்டிய இந்தச் சின்னக் கடையில் மெனு கார்டு கிடையாது. வரிசையில் நின்று, சட்டிகளைப் பார்த்துக் கைகாட்ட வேண்டும். மலாயில் நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் காவடிபோல் சுமப்பது. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு இது. மக்கள் இடம்பெயரும்போது பண்பாடும் கூடவே போகும் என்பதை இந்தத் தட்டில் கண்ணாரப் பார்க்கலாம்.

பொரித்த கோழி, வெண்டைக்காய் இரண்டும் தவறவிடக் கூடாதவை. கடைசியில் "பஞ்சிர்" என்று சொல்லுங்கள். வெள்ளம் என்று பொருள். பரிமாறுபவர் நாலு சட்டியிலும் கரண்டியை முக்கி, சோறு மிதக்க ஊற்றுவார். மீன்குழம்பு மட்டும் அரைக்கரண்டி போதும். கூடினால் புளிப்பு மற்ற ருசிகளை அமுக்கிவிடும். பிற்பகலில் போகாதீர்கள், குழம்பு சுண்டி உப்புக் கரிக்கிறது. கணவாய், பெரிய இறால் அளவைப் பொறுத்து விலை ஏறும். தட்டில் விழும் முன்பே விலை கேட்டுவிடுவது நல்லது.

கடைக்கு மலாயில் கெடாய், கப்பலுக்குக் கப்பால், மாம்பழத்துக்கு மெம்பெலாம்: எல்லாம் தமிழ்ச் சொற்களே. சற்று நடந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இந்திய முஸ்லிம்கள் எழுப்பியது. சாப்பிட்டுவிட்டு அதையும் பாருங்கள்.