ஒரே அட்டை, வேறு வேறு பாரம்: ஷிப் ஆலோசனைச் சேவை பற்றி

நியூ ஜெர்சியில் ஒரு முதியோர் இல்லத்தில் 14 ஆண்டுகள் செவிலியர் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வயது 70. மெடிகேர் என்பது பெரும்பாலும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு. அதை வைத்திருக்கும் முதியவர்களுக்காக அமெரிக்கா முழுவதும் நடக்கும் ஷிப் என்ற இலவச ஆலோசனைச் சேவையை எல்லோரும் அறிய வேண்டும் என்று எழுதுகிறேன். அங்கே இருப்பவர்கள் எந்தத் திட்டத்தையும் விற்பதில்லை. எதிரில் உட்கார்ந்து நம் காகிதங்களைப் படித்துச் சொல்கிறார்கள்.

65 வயதில் ஒரு முகவர், "மாதக் கட்டணமே இல்லை அம்மா" என்று என்னை ஓர் அட்வாண்டேஜ் திட்டத்தில், அதாவது தனியார் நிறுவனம் நடத்தும் மெடிகேர் திட்டத்தில், சேர்த்துவிட்டார். முழங்கால் வலிக்குப் பிசியோதெரபி தொடங்கியபோதுதான் ஒவ்வொரு முறையும் 40 டாலர் கட்ட வேண்டும் என்று தெரிந்தது. வாரம் இரண்டு முறை வரச் சொன்னார்கள். ஐந்தோடு நிறுத்திவிட்டேன். இந்தியர் என்றாலே வசதியானவர் என்ற எண்ணம் இங்கே இருக்கிறது. மளிகைக் கடையிலும் விடுதி அறைகளிலும் உழைத்து முதுகு வளைந்தவர்களும் இந்தியர்கள்தான்.

2025-ல் என்னை ஷிப்புக்கு அழைத்துப் போனவள் என்னோடு வேலை பார்த்த தோழி, நியூவார்க்கைச் சேர்ந்த கறுப்பினப் பெண், 73 வயது. ஆலோசகர் ஓய்வு பெற்ற ஆசிரியை. நோயைப் பற்றிக் கேட்காமல், மாதம் எவ்வளவு வருகிறது, வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். கூச்சத்தோடு சொன்னேன்: மாதம் 1,480 டாலர், சேமிப்பு ஏழாயிரம்.

தனியாக இருப்பவருக்கு மாத வருமானம் 1,585 டாலருக்குள், சேமிப்பு 9,660-க்குள் என்றால், மருத்துவரைப் பார்ப்பது போன்ற செலவுகளுக்கான மெடிகேரின் 'பி' பகுதிக்கு அந்த ஆண்டு இருந்த மாதக் கட்டணமான 185 டாலரை அரசே கட்டிவிடும் என்றார். இவையெல்லாம் 2025-ன் கணக்கு. அதோடு மருந்துக்கான உதவியும் தானாக வரும். நிறுவனப் பெயர் இல்லாத ஜெனரிக் மருந்துக்கு அந்த ஆண்டு அதிகம் போனால் 4.90 டாலர்தான். மாதா மாதம் அந்தக் கட்டணம் என் ஓய்வூதியத்தில் பிடிக்கப்பட்டுக்கொண்டே இருந்ததை நினைத்து அங்கேயே அழுதுவிட்டேன். எனக்கு அந்தத் திட்டத்தை விற்ற முகவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தோழிக்கு மாதம் 1,900 டாலர் வருவதால் கட்டண உதவி கிடைக்கவில்லை; மருந்து உதவி மட்டும் கிடைத்தது. அவளிடம் இருப்பது அரசே நேரடியாக நடத்தும் பழைய மெடிகேர். மருத்துவமனையில் போட்டுக்கொள்ளும் ஊசிக்கு அது 80 சதவீதம் கொடுக்கும். மீதி 20 சதவீதத்தை அவளே கட்ட வேண்டும்; ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற மேல்வரம்பே கிடையாது. அதற்கான துணைக் காப்பீட்டை 65 வயதில், முதல் ஆறு மாதங்களுக்குள் வாங்கியிருக்க வேண்டும். அப்போது கையில் பணமில்லை. இப்போது கேட்டால் உடல்நிலையைக் காட்டி நிறுவனங்கள் மறுக்கலாம். ஹட்சன் ஆற்றைத் தாண்டி நியூயார்க்கில் குடியிருந்தால் மறுக்க முடியாது, சட்டம் அப்படி. ஆலோசகர் எதையும் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காகவே இந்தச் சேவையை மதிக்கிறேன்.

எங்கள் பழைய மேற்பார்வையாளர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அதே மெடிகேர் அட்டைதான். புறநகரில் அப்பா விட்டுச்சென்ற வீட்டை விற்ற பணம் இருந்ததால் 65 வயதிலேயே துணைக் காப்பீடு வாங்கிவிட்டார். தோழியின் அப்பாவோ தம் பகுதியில் வீட்டுக் கடன் கேட்டு ஒவ்வொரு வங்கியாக ஏறி இறங்கி வெறுங்கையோடு திரும்பியவர். கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளைக் கடன் வரைபடத்தில் சிவப்பாக்கி ஒதுக்கிய காலம் அது. கறுப்பின, ஹிஸ்பானிய முதியவர்களிடம் துணைக் காப்பீடு குறைவாக இருப்பதற்கு ஒரு வேர் இங்கே இருக்கிறது. அவர்களுக்கு விவரம் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

1966-ல் மெடிகேர் வந்தபோது, இனம் பார்த்து ஒதுக்கும் மருத்துவமனைக்குப் பணம் கிடையாது என்று அரசு உறுதியாக நின்றது. அலபாமாவில் தன் பாட்டி முதன்முறையாக முன்வாசல் வழியாக மருத்துவமனைக்குள் போனதைத் தோழி இன்றும் சொல்வாள். அந்த வாசலைத் திறக்க வைத்த மெடிகேர்தான் 20 சதவீதத்தையும் நம் தலையில் விட்டுவைத்தது.

போகிறவர்கள் ஓய்வூதியக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், மருந்துப் பட்டியல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை திட்டம் மாற்றும் காலம். அதற்கு முன்பே நேரம் கேட்டு வையுங்கள். கிளம்பும்போது ஆலோசகர் தோழியின் கையில் இன்னொரு படிவத்தைக் கொடுத்தார்: வருமானம் குறைந்தவர்களின் மருத்துவமனைச் செலவை ஏற்கும் நியூ ஜெர்சி மாநிலத் திட்டத்துக்கானது. அன்று மாலையே என் சமையலறை மேசையில் உட்கார்ந்து இருவரும் அதை நிரப்பினோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.