எண்ணிக்கைப் படிவமா, பெயர்ப் பதிவேடா: மறைக்கல்வி விவரங்களைத் திரட்டும் இரு வழிகள்

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கற்பிக்கும் ஞாயிறு மறைக்கல்விக்கு வரும் பிள்ளைகளின் விவரத்தைத் திரட்டும் பொறுப்பு, பல பங்குகள் (ஊர்க் கோயில் சமூகங்கள்) சேர்ந்த எங்கள் மறைவட்டத்தில் என்னிடம் வந்தபோது, இரண்டு வழிகள் இருந்தன. ஆண்டுக்கு ஒருமுறை பங்குத்தந்தை நிரப்பி அனுப்பும் ஒரு பக்க எண்ணிக்கைப் படிவம் முதலாவது. ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி எழுதி, ஆண்டுதோறும் அடுத்த வகுப்புக்குக் கொண்டு செல்லும் பதிவேடு இரண்டாவது. தலா ஓராண்டு நடத்திப் பார்த்தபின் பதிவேட்டையே நாங்கள் தேர்ந்தோம்.

படிவம் எளிது, விரைவில் முடியும். மறைமாவட்டம் (ஆயரின் ஆட்சிப் பகுதி) ஆண்டறிக்கைக்குக் கேட்பதும் மொத்தங்களைத்தான் என்பதால், அந்த ஒரு தேவைக்கு அது போதும்.

மறைக்கல்வி நடக்கும் பள்ளிகளைப் பொறுத்தவரை பாதி வேலையை அரசே செய்துவிட்டது. 11 இலக்கக் குறியீடு கொண்ட ஒவ்வொரு பள்ளியும் 2022-23 முதல் யுடைஸ் பிளஸ் என்னும் அரசின் பள்ளித் தகவல் தளத்தில் மாணவர் வாரியாகவே விவரம் பதிகிறது. ஆனால் அங்கே சிறுபான்மைப் பிரிவில் ‘கிறிஸ்தவர்’ என்று மட்டுமே இருப்பதால், கத்தோலிக்கப் பிள்ளைகளும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளைகளும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். மறைக்கல்விக்குப் போகிறவர்கள் யார், அதற்குப் பதிலாக நன்னெறி வகுப்புக்குப் போகிறவர்கள் யார் என்பதைத் தலைமையாசிரியரிடம் தனியாகத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது, பங்குத்தந்தை மாறிய பிறகும் கணக்கு நிற்குமா என்ற ஒரே கேள்விதான். பல கிளைக் கிராமங்கள் கொண்ட ஒரு பங்கில், படிவத்தின்படி ஒரே ஆண்டில் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. விசாரித்தபோது ஒரு பிள்ளைகூட நின்றுவிடவில்லை என்று தெரிந்தது. முன்பிருந்தவர் விடுதிப் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணியிருந்தார், மாற்றலாகி வந்தவர் அவர்களைச் சேர்க்கவில்லை. இருவர் செய்ததிலும் தவறில்லை. ‘மறைக்கல்விப் பிள்ளைகள்’ என்றால் பெயர் கொடுத்தவர்களா, ஞாயிறு தோறும் வருகிறவர்களா, விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் சொந்தப் பங்கின் கணக்கா விடுதி இருக்கும் பங்கின் கணக்கா என்று படிவம் எங்கேயும் சொல்லவில்லை. பெயர்ப் பட்டியல் இருந்திருந்தால், இரு இடத்தில் எழுதப்பட்ட பிள்ளையும் எங்கேயும் எழுதப்படாத பிள்ளையும் பார்த்தவுடன் கண்ணில் பட்டிருப்பார்கள்.

ஆனால் பெயரை மட்டும் நம்பவும் முடியாது. திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பதிவேட்டில் ‘சூசை’ என்றிருக்கும் பையன் பள்ளியில் ‘ஜோசப்’, மறைக்கல்வி வகுப்பில் ‘ஜோ’. ‘மிக்கேல்’, ‘மைக்கேல்’ கதையும் இதுவே. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே திருமுழுக்குப் பெற்ற பங்கு, ஆண்டு, பதிவேட்டு வரிசை எண் மூன்றையும் எழுதச் சொன்னோம். திருச்சபைச் சட்டத்தின் 535ஆம் விதிப்படி ஒவ்வொரு பங்கும் திருமுழுக்குப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும். உறுதிபூசுதல் என்னும் அருளடையாளமும் திருமணமும் பின்னர் அதே பதிவில்தான் குறிக்கப்படுகின்றன. பிள்ளை எந்த ஊருக்குப் போனாலும் மாறாத எண் அது.

வகுப்பாசிரியர் கோடு போட்ட நீள நோட்டில் எழுதுவார், ஜூன் மாதத்தில் நாங்கள் அதை எக்செல்லில் ஏற்றுவோம். முதல் ஆண்டில் இது கடுமையான உழைப்பு; வயதான ஆசிரியர்கள் சிலர் சலித்துக்கொண்டது நியாயமே. இரண்டாம் ஆண்டில் புதிதாகச் சேர்ந்தவர்களை மட்டும் எழுதினால் போதுமாக இருந்தது. நான்காம் வகுப்பிலேயே விடுதிக்குப் போய்விட்டதால் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்காமல் விடுபட்டிருந்த ஒரு சிறுமியை, உறுதிபூசுதலுக்குத் தயாரிக்கும்போது இந்த நோட்டின் காலிக் கட்டம்தான் எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது. எவ்வளவு சரியாக நிரப்பிய படிவமும் அவளை ஓர் எண்ணாக மட்டுமே காட்டியிருக்கும்.

பதிவேட்டுக்கு ஒரு கூடுதல் பொறுப்பும் உண்டு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் குறைந்தோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. ஆதார் எண்ணையும் வீட்டு முகவரியையும் நாங்கள் தவிர்த்துவிட்டு, சேர்க்கைச் சீட்டில் பெற்றோரின் கையொப்பத்தை வாங்கிக்கொள்கிறோம்.

எங்கள் அனுபவம் கிராமப் பங்குகளில் இரண்டே ஆண்டுகள்தான். வாடகைக் குடும்பங்கள் அடிக்கடி இடம் மாறுகிற நகரப் பங்குகளில், திருமுழுக்கு எண்ணைக் கேட்டு வாங்குவதே பெரும்பாடாக இருக்கலாம். அங்கே முதல் ஆண்டில் புதுநன்மை வகுப்புக்கு மட்டும் பதிவேட்டைத் தொடங்கி, மற்ற வகுப்புகளுக்குப் படிவத்தையே வைத்துக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.