‘கிளைமேட் கன்ட்ரோல்’ என்ற சொல்லை நம்பிக் கம்பளி உடைகளை இழந்தேன்

பருவம் முடிந்ததும் உடைகளை வாடகைச் சேமிப்பு அறையில் வைக்க எண்ணியிருப்பவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். ஏழு மாதங்களுக்கு முன், எங்கள் குடும்பத்தின் கம்பளிக் கோட்டுகள், ஸ்வெட்டர்கள், இறகு நிரப்பிய ஜாக்கெட்டுகள், பட்டுச் சால்வைகள், மழைக்கோட்டுகள் எல்லாவற்றையும் ஐந்து அட்டைப்பெட்டிகளில் அடுக்கி அத்தகைய ஓர் அறையில் வைத்தேன். சென்ற மாதம் கதவைத் திறந்தவுடன் மக்கிய வாடை முகத்தில் அறைந்தது. சுவரை ஒட்டியிருந்த இரண்டு பெட்டிகளின் அடிப்பாகம் தொட்டதும் பிய்ந்து வந்தது. உள்ளே இருந்த கோட்டுகளின் மடிப்புகளில் சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்திருந்தது. மூன்றாவது பெட்டியில், என் அம்மா பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரின் தோள்பட்டையில் மட்டும் பதினொரு ஓட்டைகள் இருந்தன.

அறையைக் காட்டிய ஊழியரிடம் நான் கேட்ட முதல் கேள்வியே ஈரத்தைப் பற்றியதுதான். “இது கிளைமேட் கன்ட்ரோல், அதாவது தட்பவெப்பக் கட்டுப்பாடு, உள்ள அறை, துணிமணிகளுக்கு ஒன்றும் ஆகாது” என்று அவர் உறுதியாகச் சொன்னார். வரவேற்பறைப் பலகையிலும் அதே சொல் பெரிதாக எழுதப்பட்டிருந்தது. அந்தச் சொல்லுக்காகவே சாதாரண அறையை விடக் கூடுதலான வாடகைக்கு ஒப்புக்கொண்டேன். சேதத்துக்குப் பிறகு ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தபோதுதான், ‘அறையின் வெப்பநிலை குறிப்பிட்ட எல்லைக்குள் பேணப்படும்’ என்பதைத் தவிர வேறு வாக்குறுதி எதுவும் அதில் இல்லை என்பது தெரிந்தது. ஈரப்பதம் என்ற சொல்லே அதில் இல்லை.

இந்த வேறுபாட்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நான் ஏமாந்தது இங்கேதான். வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவது வேறு, ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்துவது வேறு. காற்றில் உள்ள நீராவி குறையாமல் வெப்பநிலை மட்டும் குறைந்தால், ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்ற அளவு) உயரத்தான் செய்யும். குளிர்சாதனம் ஓடும்போது ஓரளவு ஈரத்தை வடித்தெடுக்கும் என்பது உண்மைதான்; ஆனால் அது வெப்பநிலையைப் பார்த்து ஓடி நிற்குமே தவிர, ஈரப்பதத்தைப் பார்த்து அல்ல. ஒப்பு ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் துணியில் பூஞ்சை வளரத் தொடங்கும். நான் பின்னர் ஓர் ஈரப்பதமானியை வாங்கி அந்த அறையில் ஒரு நாள் வைத்துப் பார்த்தபோது அது 78 என்று காட்டியது. கம்பளியோ, தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் கைக்கு உலர்ந்தது போலவே தோன்றும் இழை. நடுவில் ஒருமுறை சென்று மேலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று நான் திரும்பி வந்ததன் காரணமும் அதுவே.

ஓட்டைகளுக்குக் காரணம் அந்துப்பூச்சி. பறந்து திரியும் பூச்சி துணியைத் தின்பதில்லை. அது இடும் முட்டைகளிலிருந்து வரும் புழுக்களே கம்பளி, பட்டு, இறகு, உரோமம் ஆகியவற்றைத் தின்கின்றன. வியர்வையும் உணவுக் கறையும் படிந்த துணியை அவை மிகவும் நாடும். அந்த ஸ்வெட்டரை ஒரு மாலை மட்டும் அணிந்துவிட்டுத் துவைக்காமல் வைத்தது என் தவறு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும், அறைகளைப் பிரிக்கும் தகரத் தடுப்பு கூரை வரை எட்டவில்லை என்பதையும், மேலே வெறும் கம்பிவலைதான் இருக்கிறது என்பதையும், பக்கத்து அறையில் யாரோ வைக்கும் பழைய கம்பளத்திலிருந்து பூச்சி தடையின்றி வரலாம் என்பதையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. மழைக்கோட்டுகளின் உட்பூச்சு பிசுபிசுத்து உரிந்திருந்தது. நீர் புகாமலிருக்கப் பூசப்படும் பாலியூரித்தேன் என்ற நெகிழிப் பூச்சு ஈரத்தில் சிதையும் இயல்புடையது.

மேலாளரிடம் படங்களுடன் சென்றேன். பூஞ்சை, பூச்சி, எலி, ஈரம் ஆகியவற்றால் நேரும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்ற பிரிவை அவர் விரல் வைத்துக் காட்டினார். அதே மேசையில் எனக்கு விற்கப்பட்ட காப்பீடும் இதே நான்கையும் விலக்கியிருந்தது. அப்படியென்றால் துணிமணி வைப்பவருக்கு அந்தக் காப்பீடு எதற்காக விற்கப்பட்டது என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அறிமுகச் சலுகை முடிந்து வாடகை உயர்ந்ததையும், காலி செய்வதாக முன்கூட்டி எழுத்தில் தராததால் இன்னொரு மாத வாடகை பிடிக்கப்பட்டதையும் கூட நான் பொறுத்துக்கொள்வேன். ஈரத்தைப் பற்றி நேரடியாகக் கேட்டவரிடம், பதில் தெரிந்தும் வேறொரு சொல்லைச் சொல்லிக் கையெழுத்து வாங்கியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எழுத்து வடிவில் முறையீடு அனுப்பியிருக்கிறேன்.

அறை எடுக்கத்தான் வேண்டும் என்றால், ஒப்பு ஈரப்பதம் எத்தனை விழுக்காட்டுக்குள் வைக்கப்படும் என்ற எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். தர மறுத்தால் அந்த அறையில் கம்பளி வைக்க வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டிய அறையைத் தவிருங்கள். தடுப்புச்சுவர் கூரையைத் தொடுகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். அட்டைப்பெட்டி ஈரத்தை உறிஞ்சும், இராமபாணப் பூச்சிக்கும் இடம் கொடுக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியே நல்லது, ஆனால் துணியை முழுமையாக உலர்த்தாமல் அதில் அடைத்தால் ஈரமும் உள்ளேயே அடைபடும். பெட்டிகளைக் கான்கிரீட் தரையில் நேராக வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து விலக்கி வையுங்கள். ஒருமுறை அணிந்த உடையையும் சுத்தம் செய்த பிறகே மடியுங்கள். இறகு ஜாக்கெட்டைக் காற்று உறிஞ்சும் பையில் மாதக்கணக்கில் நசுக்கி வைத்தால் அதன் உப்பலும் கதகதப்பும் குறைந்துவிடும். அந்துருண்டையை அறை மூலையில் போடுவதால் பயனில்லை. அதன் ஆவி மூடிய பெட்டிக்குள் செறிந்தால்தான் வேலை செய்யும், அந்த ஆவி மனிதருக்கும் தீங்கானது. கைக்குழந்தைகளின் உடைகளோடு அதை ஒருபோதும் வைக்காதீர்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, பல அந்துருண்டைகளில் உள்ள நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியது.

ஏற்கெனவே அறையில் உடை வைத்திருப்பவர்கள் இந்த வாரமே சென்று, மேலிருப்பதை மட்டும் பார்க்காமல், அடிப்பெட்டியைத் திறந்து கழுத்துப்பட்டையின் உட்புறத்தையும் மடிப்புகளையும் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். அந்துப்பூச்சிப் புழுவின் அடையாளமான வெண்ணிற நூலாம்படை போன்ற படலமோ மணல் போன்ற துகளோ தென்பட்டால், எதையும் நகர்த்தும் முன் தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். தப்பிய கம்பளிகளில் ஒளிந்திருக்கக்கூடிய முட்டையும் புழுவும் சாக, அவற்றை இறுகக் கட்டிய பையில் இட்டு, மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் உறையவைத்த பிறகே வீட்டு அலமாரிக்குள் கொண்டு செல்லுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அந்த வேலைதான், ஒவ்வொரு பையாக, நடந்துகொண்டிருக்கிறது.