எச்சரிக்கை: பேரிங் நுழையாத 12 ஹவுசிங், 74,400 ரூபாய்

வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவையில் ஒரு ஜாப்வொர்க் பட்டறை. பெயர் வேண்டாம். சிறிய மோட்டார் ஒன்றின் மாதிரிக்காக, 6061 என்ற அலுமினியக் கலவையில் 12 ஹவுசிங் (பேரிங் உட்காரும் கூடு) கடைந்து, 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஹார்டு ஆனோடைசிங்கும் (அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி மேலே கடினமான படலம் வளர்ப்பது) முடித்துத் தருவதாகப் பேச்சு. மொத்தம் 74,400 ரூபாய்.

ஆனோடைசிங்குக்கு அனுப்பும் முன் பட்டறைக்காரர் அழைத்தார். ஒரு ஹவுசிங்கைத் துடைத்து, துளையின் அளவைச் சரிபார்க்கும் 22 மி.மீ. பிளக் கேஜை என் கையிலேயே கொடுத்தார். "நீங்களே போட்டுப் பாருங்கள் சார்." காற்றை மெல்லத் தள்ளிக்கொண்டு வழுக்கி இறங்கியது. அந்தச் சுகத்தில்தான் மயங்கினேன். டீ ஆறுவதற்குள் மீதிப் பணம் முழுவதையும் அனுப்பிவிட்டேன். பில்? "பொருளோடு வரும் சார்." வரவில்லை.

நேற்று பார்சல் வந்தது. ஒன்றில்கூட 22 மி.மீ. வெளிவிட்டமுள்ள 608 பேரிங் நுழையவில்லை. எப்படி நுழையும்? 50 மைக்ரான் படலத்தில் ஏறக்குறைய பாதி வெளியே வளரும்; இரு பக்கமும் சேர்த்துத் துளை 50 மைக்ரான் சுருங்கும். நான் கொடுத்த டாலரன்ஸே, அதாவது அளவு கூடக் குறைய இருக்கலாம் என்று விட்ட இடமே, 21 மைக்ரான்தான். துளைகளை அடைத்துவிட்டுத் தொட்டியில் இறக்கச் சொல்லி டிராயிங்கில் எழுதியிருந்தேன். எவரும் படிக்கவில்லை. எம்3 மரைகளில் திருகும் ஏறவில்லை. போதாததற்கு ஏழு கருப்பு, ஐந்து பழுப்பு. கலவை மாறினால் படலத்தின் நிறமும் மாறும்; மூலையில் கிடந்த வேறு கலவைத் துண்டுகளையும் சேர்த்துக் கடைந்துவிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

போன் செய்தால், "ஆனோடைசிங் பிளான்ட்காரர் தவறு சார், அவரிடம் பேசுங்கள்." பிளான்ட்காரரோ, "எங்களுக்கு டிராயிங்கே வரவில்லை." மறுபடி இவரிடம். "எமரித் தாளால் லேசாகத் தேயுங்கள், சரியாகிவிடும்." ஆனோடைசிங் படலம் அலுமினியம் ஆக்சைடு. எமரியும் பெரும்பாலும் அதுதானே ஐயா! மூன்றாம் முறை அவர் மகன் எடுத்தான். "அப்பா பழனிக்குப் போயிருக்கிறார்." பின்னால், இயந்திர இரைச்சலுக்கு நடுவே, "இல்லை என்று சொல்" என்ற குரல் எனக்கு நன்றாகவே கேட்டது.

74,400 ரூபாய். என் நான்கு மாதச் சேமிப்பு.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அளவு ஆனோடைசிங்குக்கு முன்பா பின்பா என்று எழுதி வாங்குங்கள். எந்தக் கலவை என்று காட்டும் மெட்டீரியல் சர்டிபிகேட் கேளுங்கள். முதலில் ஒன்றே ஒன்றை முழுதாக முடித்துப் பாருங்கள். பில் இல்லாமல் பைசா கொடுக்காதீர்கள். மீதியைப் பிறகு எழுதுகிறேன். இப்போது வேறு எண்ணிலிருந்து அவரை அழைக்கப் போகிறேன்.