நகச் சொத்தை: மாத்திரையா, பூச்சு மருந்தா?

கால் பெருவிரல் நகம் மஞ்சளித்து, தடித்து, ஓரம் மாவாக உதிரத் தொடங்கிய பிறகுதான் பலரும் தோல் மருத்துவரிடம் போகிறார்கள். மாத்திரை, பூச்சு மருந்து என்று இரண்டு வழிகள் உண்டு. இரண்டுமே பாதியில் கைவிடப்படுவதற்குக் காரணம், பெரும்பாலும் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தைதான்.

பூஞ்சையைக் கொல்லும் மாத்திரைகளில் முதலிடம் டெர்பினஃபைனுக்கு. தினம் 250 மில்லிகிராம், கை நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம். இட்ராகொனசோல் என்ற இன்னொரு மாத்திரையை மாதத்தில் ஒரு வாரம், அதாவது ஒரு சுற்று, மட்டும் விழுங்கினால் போதும் என்பதால் பலருக்கு அதுவே பிடிக்கிறது. ஆனால் 1999-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வில், 72 வாரங்களுக்குப் பின் டெர்பினஃபைனை 12 வாரம் எடுத்தவர்களில் சுமார் 76 சதவீதம் பேருக்குப் பூஞ்சை நீங்கியிருந்தது. இட்ராகொனசோலை மூன்று சுற்று எடுத்தவர்களில் 38 சதவீதம்தான்.

இந்த எண்களைச் சொல்லும் மருத்துவர் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆய்வகத்தில் பூஞ்சை இல்லை என்பது அவருடைய கணக்கு. பழைய நகம் திரும்ப வேண்டும் என்பது நோயாளியின் கணக்கு. கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். முழுதாக மாற 12 முதல் 18 மாதம் ஆகும். மாத்திரை முடியும் நாளில் நகம் மஞ்சளாகத்தான் இருக்கும். அடியில் ஒரு கீற்று மட்டும் தெளிவாக முளைத்திருக்கும். அந்தக் கீற்றைக் காட்டி விளக்காவிட்டால், "மருந்து கேட்கவில்லை" என்று நோயாளி வேறு மருத்துவரைத் தேடிப் போய்விடுவார்.

அமோரோல்ஃபின் பூச்சு ரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் நுனியில் மட்டும் சொத்தை உள்ளவர்களுக்கும் ஏற்றது. வாரம் ஓரிரு முறை, நகத்தை அரத்தால் தேய்த்துவிட்டுத் தடவ வேண்டும். கால் நகத்துக்கு 9 முதல் 12 மாதம். தேய்க்காமல் தடவினால் மருந்து மேலேயே நின்றுவிடும். அந்த அரத்தை நல்ல நகத்தில் பயன்படுத்தவே கூடாது. நகத்தின் வேர்வரை சொத்தை பரவிவிட்டால் பூச்சு மட்டும் போதாது. அந்த நிலையில் நான் மாத்திரை பக்கமே நிற்பேன்.

ஆனால் பரிசோதனைக்குப் பிறகுதான். உருக்குலைந்த நகங்களில் ஏறக்குறைய பாதிக்குப் பூஞ்சை காரணமே இல்லை. சொரியாசிஸும் அடிபட்ட நகமும் இப்படியே தோன்றும். நகத் துணுக்கை ஆய்வுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பது மருத்துவரை அவமதிப்பது ஆகாது.

"வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்றால், ரத்த அழுத்த மாத்திரையையும் கொழுப்பு மாத்திரையையும் மாத்திரைக் கணக்கிலேயே சேர்க்காமல் "இல்லை" என்பவர்கள் ஏராளம். இதயம் பலவீனமானவருக்கு இட்ராகொனசோல் ஆபத்து. சில கொழுப்பு மாத்திரைகளோடும் அது சேரவே கூடாது. டெர்பினஃபைன் சிலருக்கு நாக்கின் ருசியை மங்கச் செய்யும், அரிதாகக் கல்லீரலைத் தாக்கும். சாம்பார் திடீரென்று சப்பென்று இருந்தாலோ, சிறுநீர் அடர் நிறமாகப் போனாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.